நாளைக்கு ஊதணும்

எவனுக்கும் பயந்து நான் சிகரெட்டை விடப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக் கதையையும் படித்துவிட்டு, "பார்த்தியா, நாகரத்தினம் கங்காணி மடங்கிட்டாரு" என்று யாரும் கிளம்பக்கூடாது. நான் மடங்குகிற ஆள் இல்லை. முதுகு வலிக்கும்போதுகூட மடங்காமல்தான் செருப்பு மாட்டுவேன்.

அரசாங்கம் என்னை விரட்ட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. முதலில் சாப்பாட்டுக் கடையில் கை வைத்தார்கள். ஒரு கையில் தே தாரேக் டீ, ஒரு கையில் சிகரெட் என்று ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, பத்தடி தள்ளிப் போய் நில்லு என்றார்கள். போய் நின்றேன். கேமரன் மலையில் பத்தடி தள்ளி நிற்பது என்ன சாதாரண விஷயமா? பாதி நாள் மழை. மீதி நாள் மழை வருமா என்று யோசிக்கிற பனி. ஒரு கையில் குடை, ஒரு கையில் சிகரெட். அப்புறம் தே தாரேக்கை யார் பிடிப்பது? அது மேஜையில் அநாதையாக ஆறிப்போய்க் கிடக்கும். அதற்கும் நான் அசரவில்லை. ஆறின டீயைக் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்தது பெட்டி மேல் படம். அழுகின நுரையீரல், புண்ணான வாய். பார்க்கச் சகிக்காமல் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் வேறு ஒரு படம். சரி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அதற்கும் அசரவில்லை.

அப்புறம்தான் அலமாரி வந்தது.

இனிமேல் கடையில் சிகரெட்டை வெளியே தெரிகிற மாதிரி வைக்கக்கூடாது என்று சட்டம். மூடின அலமாரிக்குள் வைக்க வேண்டும். யாராவது வாயைத் திறந்து கேட்டால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்து முக்கில் கடை வைத்திருக்கும் சலீம் பாய்க்கு இளகின மனசு. யாராவது முகம் வாடினால் பெட்டியைப் பிரித்து ஒத்தைச் சிகரெட் கொடுத்துவிடுவார். அதுவும் சட்டப்படி தப்பு. சோதனைக்கு வந்த அதிகாரி அவரை ஒரு தடவை எச்சரித்துவிட்டுப் போனார். பாய் பயந்துபோய், அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கடையில் கல்லாப் பார்க்கிற பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண் பெயர் உமாதேவி. என் பொண்டாட்டி.

நான் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. மலை மேல் நேபாளத்துப் பையன்களும் வங்காளதேசத்துப் பையன்களும் நான் விசில் ஊதினால் நிற்பார்கள், ஊதினால் நடப்பார்கள். ஆனால் அது மலையோடு சரி. வெளியில் நான் கங்காணி. வீட்டுக்குள் அவள் கண்காணி.

பொண்டாட்டியிடம் போய்ச் சிகரெட் கேட்பதா? மானம் என்று ஒன்று இருக்கிறது. முதல் நாள் பக்கத்து வீட்டு இருளப்பனை அனுப்பினேன். கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"என்னடா?"

"உமா அண்ணி யாருக்குன்னு கேட்டாங்கண்ணே."

"உனக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான்தான் விட்டுட்டேன்ல. எனக்குன்னு சொன்னா சுபத்ராவுக்கு போன் போட்டுடுவேன்னாங்க. அதான் உங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

சுபத்ரா என்பது அவன் பொண்டாட்டி. அவளுக்குப் பயந்து என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். இந்த ஆளைப் பற்றி அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, நானே போனேன். நான் என்ன திருடவா போகிறேன்? வரி கட்டின சரக்கு. சட்டப்படி கேட்டு, சட்டப்படி வாங்கப் போகிறேன். சாயந்திரம், கடையில் நல்ல கூட்டம்.

"ஒரு பெட்டி" என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன பெட்டி? பிஸ்கட்டா?"

"உமா, வெளையாடாதே."

"பேர் சொல்லிக் கேளுங்க. நானா எடுத்துக் காட்டக்கூடாது. காட்டினா பாய்க்கு அபராதம்."

"சிகரெட்!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஐசி கொண்டாங்க" என்றாள்.

"ஐசியா? நான் யாருன்னு உனக்குத் தெரியாது?"

"கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரு நின்னாலும் கஸ்டமர் லா. பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு விக்கக்கூடாது. பாத்துத்தான் கொடுக்கணும்."

"என்னைப் பாத்தா பதினெட்டு ஆகாத மாதிரியா தெரியுது?"

"ஆளைப் பாத்தா ஆன மாதிரித்தான் இருக்கு. நடந்துக்கிறதைப் பாத்தா சந்தேகமா இருக்கே."

பாய் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அடையாள அட்டையை எடுத்து வீசினேன். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தூர வைத்து, சத்தமாகப் படித்தாள்.

"அறுபத்தெட்டாம் வருஷம்."

"அண்ணே!" என்றான் இருளப்பன் பின்னாலிருந்து. "அம்பதுதான் ஆகுதுன்னு சொன்னீங்க?"

அன்றையிலிருந்து நான் திரிங்காப் டவுனுக்குப் போய் வாங்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டிக்காக மோட்டார் சைக்கிளில் மலை இறங்கி, காய்கறி லோரிகளுக்கு நடுவில் நெளிந்து, நனைந்து, திரும்பி ஏறி வருவேன். வேறு எவனாவது இருந்தால் இதற்கே விட்டிருப்பான். நான் மழைக்கோட்டு வாங்கினேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் சசிரேகா ஈப்போவிலிருந்து போன் போட்டாள். அவளுக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம். நம் வழக்கப்படி அம்மா வீட்டுக்கு வந்து, குழந்தை பெற்று, தேறி, அப்புறம்தான் போக வேண்டும். உமா தொட்டில் கட்டக் கூரைக் கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் வரணும்னா வீட்டுல சிகரெட் இருக்கக்கூடாது."

"வெளிய போய்ப் பிடிக்கிறேன்மா. பத்தடி தள்ளி. சட்டப்படி."

"அந்தச் சட்டம் சாப்பாட்டுக் கடைக்குப்பா. வெளிய பிடிச்சிட்டு உள்ள வந்து பிள்ளையத் தூக்குவீங்க. அந்தப் புகை சட்டையிலயும் கையிலயும் ஒட்டிக்கிட்டுக் கூடவே வரும்."

"இதெல்லாம் யாரு உனக்குச் சொன்னது? மாப்பிள்ளையா?"

"யாரும் சொல்ல வேணாம்பா. ஸ்டாண்டர்ட் ஃபைவ்ல டீச்சர் என் புஸ்தகப் பையைக் கொட்டித் தேடினாங்க. நான் சிகரெட் வச்சிருக்கேன்னு. என் சட்டை அப்படி நாறிச்சு. எல்லாப் பிள்ளைங்களும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

இது எனக்குப் புதுச் செய்தி. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உமாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். அவளுக்குப் பழைய செய்தி என்று தெரிந்தது.

"அந்த டீச்சர் பேரு என்ன?" என்றேன் கோபமாக.

"இப்ப அவங்களைப் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? யோகேஸ்வரி அத்தை தாப்பாவுல ரூம் ரெடி பண்ணிட்டாங்க. புது ஃபேன் மாட்டிட்டாங்க. நீங்க விட முடியாதுன்னா நான் அங்க போயிடுறேன்."

யோகேஸ்வரி என்பது சம்பந்தியம்மா. மாப்பிள்ளை குகனேஸ்வரனின் தாயார். கல்யாணத்தன்றைக்கே எங்கள் வீட்டுப் பாயசத்தில் இனிப்புக் குறைச்சல் என்று சொன்னவர். என் பேரப்பிள்ளை என் வீட்டுத் தொட்டிலில் ஆடாமல் அவர் வாங்கின ஃபேனுக்கு அடியில் படுப்பதா? மலையில் குளுகுளு என்று நான் இருக்க, தாப்பா வெயிலில் என் மகள் வேர்த்துக் கொட்டுவதா?

போனை வாய்க்குக் கிட்டே பிடித்து உரக்கச் சொன்னேன். "சசி! இந்த நிமிஷத்துலேருந்து அப்பா சிகரெட்டை விட்டுட்டேன்!"

சொன்னேன். அவ்வளவுதான். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பெரிய மலையே இருக்கிறது. அந்த மலையில் ஒரு மழைக் கொட்டகை இருக்கிறது. அதில் உட்கார்ந்து வழக்கம்போல் பிடிப்பேன். கையைக் கழுவி, சட்டையை மாற்றி, வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். யாருக்குத் தெரியும்?

உமா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சந்தோஷங்க. ஆனா சம்பந்தியம்மா நம்பணுமே. மாப்பிள்ளை நம்பணுமே."

"நாகரத்தினம் சொன்னா சொன்னதுதான்னு சொல்லு."

"சொன்னா சிரிப்பாங்க. கீழ கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு மெஷின் வச்சிருக்காங்களாம். காசு இல்ல. ஊதினா போதும், பிடிச்சிருக்கோமா இல்லையான்னு நம்பர் காட்டிடுமாம். நானும் கூட வருவேன். எங்கண்ணால பாக்கணும். தனியா விட்டா வேற யாரையாவது ஊத வச்சிட்டு வந்துடுவீங்க."

அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருளப்பனைப் பிடித்தேன். அவன் அந்தக் கிளினிக்குக்குப் போய்த்தான் விட்டவன். அங்கே மெல்லுகிறதற்கு ஒரு சூயிங்கம் கொடுக்கிறார்கள், ஆலோசனை சொல்கிறார்கள், எல்லாம் இலவசம் என்று ஆரம்பித்தான். எனக்கு ஆலோசனை வேண்டாம். மெஷினைப் பற்றிச் சொல் என்றேன்.

"அது பொல்லாத மெஷின்ணே. காலையில ஒன்னு இழுத்துட்டுப் போயிருந்தேன். ஊதினதும் நம்பர் எகிறிடுச்சு."

"அதை ஏமாத்தவே முடியாதா?"

"ஒரு நாள் முழுக்கப் பிடிக்காம இருந்தா அதுக்குத் தெரியாதுன்னு அங்க இருக்கிற நர்ஸ் மிஸி சொன்னாங்க. மூச்சுல இருக்கிறது ஒரு நாள்ல போயிடுமாம்."

எனக்கு மலை உச்சியில் சூரியன் தெரிந்தது. ஒரு நாள்! ஒரே ஒரு நாள் பட்டினி. மறுநாள் ஊதிக் காட்டிவிட்டால் சம்பந்தியம்மா வாயடைத்துப் போவார். மகள் வருவாள். நான் கொட்டகைக்குப் போவேன்.

"இதைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றேன்.

"சேச்சே! என்னண்ணே நீங்க!" என்றான் இருளப்பன்.

வீட்டுக்குப் போய், "கிளினிக்ல கேட்டு வை. எப்ப வேணும்னாலும் ஊதத் தயார்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றாள் உமா.

அந்த ஒரு நாள் இருக்கிறதே! கை எதையோ தேடுகிறது. வாய் எதையோ தேடுகிறது. ஒரு நேபாளத்துப் பையன் இருமினான். ஏன் இருமினாய் என்று அவனிடம் சண்டைக்குப் போனேன். தேயிலைச் செடி ஒன்று நிரையை விட்டுத் தள்ளி நிற்கிறது என்று அதையும் திட்டினேன். சாயந்திரம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன்.

"மிஸி லீவாங்க" என்றாள் உமா. "நாளைக்கு."

பையில் கையை விட்டேன். எடுத்துவிட்டேன். இன்றைக்குப் பிடித்தால் நாளைக்கு நம்பர் எகிறும். ஒரு நாள் பட்டது வீணாகும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மெஷினில் பேட்டரி இல்லையாம். அடுத்த நாள், விடுமுறைக்கு மலை ஏறின கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அதற்கு அடுத்த நாள் கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து, மிஸி அங்கேயே மாட்டிக்கொண்டாராம். எல்லாம் நம்பும்படியாக இருந்தது. கேமரன் மலையில் மண் சரிவது ஒரு அதிசயமா? கார் நிற்பது ஒரு அதிசயமா? ஒவ்வொரு நாளும் ஒரே பேச்சு.

"நாளைக்கு உறுதியாங்க."

"உறுதியா?"

"உறுதியா."

கிளினிக்குக்கு நானே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு கங்காணி போன் போட்டு, "மிஸி, நான் எப்பம்மா ஊதணும்?" என்று கேட்பதா? மாட்டேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்களில் நான் சிகரெட்டை விடவில்லை. விட்டவன் வேறு. நாளைக்கு வரைக்கும் பிடிக்காமல் இருக்கிறவன் வேறு. முதலாமவன் கோழை. இரண்டாமவன் போராளி. பட்டினி கிடந்து போராடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இல்லையா?

இதற்கு நடுவில் என் உடம்பு எனக்குத் துரோகம் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாள் காலை கொழுந்து மூட்டையோடு ஃபேக்டரிக்குப் போனேன். இலை வாட்டுகிற மாடியில் ஏறினேன். ஒரு வாசனை வந்தது. பச்சையாக, லேசாக இனிப்பாக, பழம் மாதிரி. "என்ன வாசனை இது? எதையாவது கொட்டிட்டீங்களா?" என்று அங்கே வேலை பார்க்கிறவனைக் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தேயிலை, கங்காணி" என்றான். பிறந்ததிலிருந்து தேயிலைக்கு நடுவில் இருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை.

மூக்கு வந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் உமா வைத்த புளிக்குழம்பை வாயில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு உப்பு!

"உமா, இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு."

"எப்பவும் போடுறதுதான்."

"எப்பவுமா? இத்தனை வருஷமாவா?"

"நீங்கதானே சப்புன்னு இருக்கு, சப்புன்னு இருக்குன்னு தட்டைத் தள்ளினீங்க. நானும் போட்டுக்கிட்டே வந்தேன். எனக்குப் பிரஷர் வந்ததுதான் மிச்சம்."

அவள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவது தெரியும். அது எனக்காக உப்பில் ஊறின குழம்பால் வந்தது என்பது தெரியாது. இருந்தாலும் விட்டுக் கொடுக்காமல் தட்டைக் காலி செய்தேன். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் குடித்தேன்.

ஒரு நாள் மட்டும் நான் பொறுமை இழந்தேன். காலையில் கிளம்பும்போது உமா, "நாளைக்கும் நடக்கும்னு தோணலைங்க. மிஸிக்கு மீட்டிங்காம்" என்று சொல்லியிருந்தாள். அப்படியானால் இன்றைக்கு ஒன்று பிடித்தால் என்ன? நேராகக் கொட்டகைக்கு ஏறினேன். பனி சுற்றிலும் சுவர் எழுப்பியிருந்தது. என்னை எனக்கே தெரியவில்லை. சிகரெட்டை வாயில் வைத்தேன். லைட்டரைத் தட்டினேன். பற்றவில்லை. மறுபடி தட்டினேன். பற்றியது.

போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" உமா. "மீட்டிங் இல்லையாம். மிஸி இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. உடனே இறங்கி வாங்க!"

சிகரெட்டைத் தூக்கி வீசினேன். ஒரு இழுப்புக்கூட இழுக்கவில்லை, கடவுள் சாட்சி. சறுக்குகிற மண்ணில் ஓடினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. போன வருஷம் அந்தச் சரிவில் இறங்கினபோது நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினவன் நான். இப்போது ஆடு மாதிரி இறங்கினேன். அதைப் பற்றிச் சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை. வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மிஸி அவசரமா லெம்பா பெர்த்தாமுக்குக் கிளம்பிட்டாங்களாம்" என்றாள் உமா, துணி மடித்துக்கொண்டே. "நாளைக்கு."

நான் இழுக்கக்கூடாது என்பதற்காக ஊரே சேர்ந்து என்னை இழுத்தடித்தது.

கடைசியில் சசிரேகா வருகிற நாளும் வந்தது. மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு வந்தார். நேராக வீட்டுக்கு வராமல் திரிங்காப்பில் கிளினிக் வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தாள் உமா. நானும் அவளும் மோட்டாரில் போய்ச் சேர்ந்தோம். சசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். தாப்பாவில் சம்பந்தியம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

மிஸி பெயர் நாதிரா. சின்னப் பெண். சிரித்த முகம். உள்ளே கூட்டிப்போய் ஒரு குழாயைக் கையில் கொடுத்தாள்.

"நல்லா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா ஊதுங்க அங்கிள்."

ஊதினேன். மலையில் விசில் ஊதின அனுபவம் வீண் போகவில்லை. மெஷின் யோசித்தது. நம்பர் அடிமட்டத்தில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"சூப்பர் அங்கிள்! சிகரெட்டைத் தொடாதவங்களுக்குத்தான் இப்படி வரும்."

கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தேன். உமா சசியிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். மாப்பிள்ளை தாப்பாவுக்குப் போன் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன். அரசாங்கம், மெஷின், சம்பந்தியம்மா, பொண்டாட்டி, எல்லாரையும் ஒரே ஊதில் ஊதித் தள்ளிவிட்டேன். ஆனால் ஜெயித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சின்னப் பெண் என்ன செய்துவிடப் போகிறாள்?

"மிஸி, ஒரு ரகசியம் சொல்றேன்" என்றேன் குரலைத் தாழ்த்தி. "நான் விடவே இல்ல."

"அப்படியா?"

"ஒரு நாள் பிடிக்காம இருந்தா இந்த மெஷினுக்குத் தெரியாதுல்ல? அந்தச் சூட்சுமம் எனக்குத் தெரியும். டெஸ்டுக்காக மட்டும் பிடிக்காம இருந்தேன். உங்க மெஷினை ஏமாத்திட்டேன்!"

"கெட்டிக்காரர் அங்கிள் நீங்க. நேத்து ஒரு நாள் பிடிக்காம இருந்தீங்களா?"

"நேத்தும்தான். அதுக்கு முந்தின நாளும்தான். நீங்கதானே தள்ளிப் போட்டுக்கிட்டே போனீங்க? லீவு, மீட்டிங், பேட்டரி, மண் சரிவு..."

"மண் சரிவா? நான் எங்கயும் போகலையே அங்கிள். மெஷினும் இங்கதான் இருந்துச்சு. ஆண்டிதான் மகள் வர்ற அன்னைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு அப்பவே சொல்லிட்டுப் போனாங்க." அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சிரித்தாள். "நீங்க கடைசியா எப்பப் பிடிச்சீங்க?"

யோசித்தேன். தேயிலைக்கு உரம் போடுவதற்கு முன்னால். இல்லை, அதற்கும் முன்னால். போன மாசம்? அதற்கு முந்தின மாசமா?

"அங்கிள்" என்றாள் நாதிரா ரொம்ப மரியாதையாக. "எங்க கிளினிக்ல அதைத்தான் விட்டுட்டதுன்னு சொல்லுவோம்."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சண்டை போடுகிற முகத்தோடுதான் வந்தேன். சசி எழுந்தாள். அந்த வயிற்றோடு எட்டி என் தோளில் முகத்தை வைத்தாள். மூச்சை இழுத்தாள். சின்னப் பிள்ளையில் அவள் என் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்பா, உங்க சட்டையில தேயிலை வாசம் வருதுப்பா."

"அது தோட்டத்து வாசம்மா. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பனி.

மாப்பிள்ளையும் சசியும் காரில் முன்னால் போனார்கள். மூட்டை முடிச்சு நிறைய. எங்களுக்கு இடமில்லை. உமாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். இரண்டு பக்கமும் தேயிலை. காற்றில் கத்தினால்தான் கேட்கும்.

"உமா! என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இருளப்பன் சுபத்ராகிட்ட சொன்னாரு. சுபத்ரா எங்கிட்ட சொன்னா."

"அன்னைக்குக் கொட்டகையில பத்த வச்சப்போ சரியா போன் போட்டியே, அது?"

"லோரியிலேருந்து இருளப்பன்தான் போன் போட்டாரு. அண்ணன் கொட்டகைக்கு ஏறுறாருன்னு."

அவனை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

"நீ என்னை ஏமாத்திட்டே!" என்று கத்தினேன். "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவனை ஏமாத்திட்டே!"

"நானா?" அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குக் கிட்டே வந்தாள். "நீங்கதாங்க என்னை ஏமாத்துனீங்க. தினமும் ஏமாத்துனீங்க. நான் தினமும் ஏமாந்தேன். வேற என்ன பண்ணேன் நான்?"

வளைவில் மோட்டாரை ஒடித்துத் திருப்பினேன். பதில் கிடைக்காத இடத்தில் மனுஷனுக்கு வீரம்தான் மிச்சம்.

"சரி, கேட்டுக்கோ! டெஸ்ட் முடிஞ்சிடுச்சு. அரசாங்கமும் பாத்துடுச்சு, சம்பந்தியம்மாவும் பாத்துட்டாங்க. இனிமே எவனுக்கும் நான் பயப்பட வேண்டியதில்ல. நாளைக்குக் காலையில முதல் வேலையா ஒன்னு பத்த வைக்கிறேன். யாரு தடுக்குறாங்கன்னு பாக்குறேன்!"

"தாராளமா" என்றாள் உமா. "சிகரெட்டை விடுறதும் விடாததும் உங்க இஷ்டம். என்னை ஏமாத்துறதை மட்டும் விட்டுடாதீங்க."